மண்சரிவுக்குப் பின் வரும் கெமராவும் முன்பே இருக்க வேண்டிய பென்சிலும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய மலையக மாவட்டங்களில்தான் உயிர்ச்சேதம் மிக அதிகம். அந்த நாட்களில் எமது கையடக்கத் தொலைபேசிகளில் வந்து குவிந்த படங்களை யாரும் மறந்திருக்க முடியாது. செம்மண் சேறு, நசுங்கிய கூரைத் தகரம், பாதி மட்டும் மிஞ்சிய வீடு, பிள்ளையைத் தோளில் சுமந்து செல்லும் தகப்பன். அவற்றோடு செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்ட பொய்ப் படங்களும் கலந்து வந்தன. உண்மையும் பொய்யும் ஒரே வேகத்தில் பகிரப்பட்டன. ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு அல்குர்ஆன் கட்டளையிடுவதை அறிந்த நாமும் அதில் பங்காளிகளானோம்.

சில வாரங்களில் படங்கள் ஓய்ந்துவிட்டன. கேள்விகள் ஓயவில்லை. எந்த லயத்தில் யார் யார் இருந்தார்கள்? ஒரு காம்பராவுக்குள் எத்தனை குடும்பங்கள்? வெடிப்பு முதலில் எங்கே தெரிந்தது? எந்தக் கான் அடைபட்டுக் கிடந்தது? முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. ஆனால் தோட்ட லயத்தில் “வீடு” என்பது எது? கட்டடம் தோட்ட நிர்வாகத்தினுடையது. பெரும்பாலானோரிடம் காணி உறுதி கிடையாது. ஓர் இலக்கத்தின் கீழ் மூன்று அடுப்பு எரியும். ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்பட்டும் இந்தக் கேள்விகளுக்கு அவற்றில் விடை மிகவும் குறைவு.

ஓர் இடத்தில் உட்கார்ந்து, கண்முன்னே இருப்பதைப் பார்த்து, அங்குள்ளவர்களிடம் கேட்டு வரைவதும் ஒரு செய்தி முறைதான். உலகில் பல இடங்களில் அது ஊடகப் பணியாகவே மதிக்கப்படுகிறது. பதுளை மாவட்டத் தோட்டங்களுக்கு இன்று அது மிகவும் தேவைப்படுகிறது. அதைச் செய்வதற்கான ஆட்களும் வாய்ப்பும் எமது சமூகத்திடம் இருக்கின்றன. இவற்றைத்தான் இக்கட்டுரை பேச விரும்புகிறது.

துரையின் கண்ணால் பார்த்த மலை

புகைப்படத்தை அச்சிடும் வசதி வருவதற்கு முன்னர் பத்திரிகைகள் ஓவியர்களைத்தான் செய்திக் களத்துக்கு அனுப்பின. பஞ்சம், யுத்தம், நீதிமன்றம், துறைமுகம் எல்லாவற்றையும் அவர்கள் நேரில் பார்த்து வரைந்தார்கள். அந்தச் சித்திரங்கள் மரக்கட்டையில் செதுக்கப்பட்டு அச்சேறின.

இலங்கையிலும் அது நடந்தது. ஜே.எல்.கே. வான் டோர்ட் என்ற பறங்கியர் சமூகத்து ஓவியர் கோப்பிக் காலத்து இலங்கையை ஏராளமாக வரைந்தார். 1860களின் இறுதியில் ஜோன் கெப்பர் நடத்திய நகைச்சுவைப் பத்திரிகைக்கும் அவர் வரைந்தார். அந்தப் பத்திரிகையின் பெயர் ‘முனியாண்டி’. தோட்டத் தொழிலாளரிடையே சாதாரணமாக வழங்கிய பெயர் அது. பெயர் தொழிலாளியுடையது, வாசித்துச் சிரித்தவர்கள் துரைமார். தொழிலாளி அந்தச் சித்திரங்களில் இருந்தார், ஆனால் அவற்றை வரையவுமில்லை, வாசிக்கவுமில்லை.

இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. தோட்டத் தொழிலாளர்களின் நாளாந்தச் சம்பளம் ஊக்குவிப்புக் கொடுப்பனவுடன் 1,750 ரூபாவாக உயரும் என 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டபோது எமது செய்தித் தளங்கள் போட்ட படங்களை நினைத்துப் பாருங்கள். முதுகில் கூடை, நெற்றியில் பொட்டு, முகத்தில் சிரிப்பு. உல்லாசப் பயணத் துறையின் விளம்பரத்துக்கும் அதே படம், சம்பளப் போராட்டச் செய்திக்கும் அதே படம், மரணச் செய்திக்கும் சில நேரங்களில் அதே படம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு எங்கே இருக்கிறது, எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது, நிறுத்த பிறகு அந்தப் பெண் எவ்வளவு தூரம் ஏறி லயத்துக்குப் போகிறார் என்பதெல்லாம் அந்தப் படத்தில் இல்லை.

பஞ்சத்தை வரைந்த ஒரு முஸ்லிம் ஆசிரியர்

1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தில் 20 முதல் 30 இலட்சம் வரையான மக்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. பிரித்தானிய அரசாங்கம் யுத்தத்தைக் காரணம் காட்டிச் செய்திகளைக் கட்டுப்படுத்தியிருந்தது. அப்போது கல்கத்தா அரச ஓவியப் பாடசாலையில் ஆசிரியராக இருந்த இளைஞர் ஒருவர் தெருவில் இறங்கினார். அவர்தான் ஸைனுல் ஆபிதீன். நல்ல தாளும் மையும் வாங்க வழியில்லாத காலம். கரியிலிருந்து செய்த கறுப்பு மையால் மலிவான பொதிசுற்றும் தாளில் வரைந்தார். நடைபாதையில் கிடந்த தாய், பக்கத்தில் பிள்ளை, அவர்களைச் சுற்றும் காகங்கள். பின்னாட்களில் டாக்காவில் ஓவியக் கல்லூரியை நிறுவியவரும் அவரே. பங்களாதேஷ் மக்கள் அவரை ‘ஷில்பாச்சார்யா’, அதாவது கலைகளின் பேராசான் என்று அழைக்கிறார்கள்.

அதே பஞ்சத்தில் சித்தபிரசாத் என்ற ஓவியர் மிதுனாப்பூர் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்து திரிந்து, பார்த்ததை வரைந்து, பக்கத்தில் குறிப்பும் எழுதினார். அது ‘பசித்த வங்காளம்’ என்ற பொருள் தரும் ஆங்கிலத் தலைப்பில் சிறு நூலாக வந்தது. பிரித்தானியர் அதன் 5,000 பிரதிகளைக் கைப்பற்றி எரித்தார்கள். கரிக்கோட்டில் வரைந்த சித்திரம்தானே என்று ஆட்சியாளர்கள் அதை அலட்சியப்படுத்தவில்லை.

எமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சோம்நாத் ஹோர். சிட்டகொங்கில் பிறந்த அவர் 1946இல் வங்காளத்துக் குத்தகை விவசாயிகளின் போராட்டத்தை நாட்குறிப்பும் சித்திரமுமாகப் பதிவு செய்தார். அதன் பிறகு 1947இல் வட வங்காளத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று அங்குள்ள தொழிலாளர்களையும் அதே முறையில் பதிவு செய்தார். எமது மலையகத் தோட்டங்களைப் போலவே வெளியிலிருந்து கூட்டிவரப்பட்ட மக்கள் வாழ்ந்த தோட்டங்கள் அவை. யார் என்ன சொன்னார்கள், எந்த வீட்டில் என்ன இருந்தது என்று எழுதியும் வரைந்தும் வைத்தார். அவை பிற்காலத்தில் நூலுருவம் பெற்றன. எமது ஊவாத் தோட்டங்களுக்கு இப்படி ஒரு பதிவு இருந்திருந்தால் இன்று எத்தனை கேள்விகளுக்கு விடை கிடைத்திருக்கும்!

ஸைனுல் ஆபிதீன் சூறாவளியையும் விடவில்லை. 1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானின் கரையோரத்தைத் தாக்கிய போலா சூறாவளியில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அவர் பாதிக்கப்பட்ட மன்புரா தீவுக்குச் சென்றார். அங்கு கண்டதைக் கொண்டு ஏறத்தாழ 30 அடி நீளமான சுருள் ஓவியம் ஒன்றைப் பின்னர் வரைந்தார். அதே ஆண்டில் பலஸ்தீன அகதி முகாம்களையும் நேரில் பார்த்து வரைந்திருந்தார்.

கெமரா நுழைய முடியாத இடங்கள்

கெமரா எல்லாரிடமும் இருக்கும் காலத்தில் சித்திரம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. முதலாவது பதில், கெமரா அனுமதிக்கப்படாத இடங்கள் இன்றும் இருக்கின்றன என்பது. குவாண்டனாமோ இராணுவ விசாரணை மண்டபம் அப்படியான ஓர் இடம். 2006 முதல் ஜெனட் ஹாம்லின் என்ற அமெரிக்க ஓவியர் அங்கே அமர்ந்து கைதிகளை வரைந்தார். ஒவ்வொரு சித்திரத்தையும் பாதுகாப்பு அதிகாரி பார்வையிட்ட பின்பே அது வெளியே வரலாம். 2008இல் காலித் ஷேக் முஹம்மத் தன் மூக்கைச் சரியாக வரையவில்லை என்று ஆட்சேபித்து, அது திருத்தப்பட்டது. பல வருடங்களாக முகம் மறைக்கப்பட்டிருந்த கைதிகளை உலகம் அந்தச் சித்திரங்களில்தான் பார்த்தது.

காஸா இன்னோர் உதாரணம். 2023 ஒக்டோபருக்குப் பின் வெளிநாட்டு ஊடகவியலாளர்கள் சுயாதீனமாக உள்ளே செல்வதை இஸ்ரேல் தடுத்தது. உள்ளேயிருந்து செய்தி தந்த பலஸ்தீன ஊடகவியலாளர்கள் 200க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். இதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே ஜோ சாக்கோ என்ற ஊடகவியலாளர் காஸாவுக்குச் சென்று, 1956 நவம்பரில் கான் யூனுஸிலும் ரபாவிலும் நடந்த படுகொலைகளைப் பற்றி வயோதிபர்களிடம் விசாரித்தார். ஐ.நா. அறிக்கையின்படி கான் யூனுஸில் 275 பேரும் ரபாவில் 111 பேரும் கொல்லப்பட்டிருந்தனர். அந்தப் படுகொலைகளை எந்தக் கெமராவும் காட்டவில்லை. சாக்கோ ஒவ்வொரு சாட்சியையும் கேட்டு, இடத்தைப் போய்ப் பார்த்து வரைந்தார். சாட்சிகளின் வாக்குமூலம் ஒன்றோடொன்று முரண்பட்ட இடங்களை மறைக்காமல் அதையும் வாசகருக்குச் சொன்னார். 2009இல் அந்த நூல் வெளிவந்தது.

பதுளைத் தோட்டங்கள் குவாண்டனாமோவும் அல்ல, காஸாவும் அல்ல. இங்கு கெமராவை யாரும் தடுப்பதில்லை. இங்குள்ள பிரச்சினை வேறு. கெமரா அனர்த்தம் நடந்த பிறகுதான் வருகிறது, வந்து மூன்று நாளில் போய்விடுகிறது.

மீரியபெத்தையின் பாடம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் மீது மலை சரிந்து விழுந்தது. லயன் வரிசைகள் அப்படியே புதையுண்டன. முதல் நாட்களில் காணாமல் போனோர் நூற்றுக்கணக்கில் என்று சொல்லப்பட்டது. நாட்கள் செல்லச் செல்ல அந்த எண்ணிக்கை சுருங்கியது. எந்தக் காம்பராவில் அன்று காலையில் யார் இருந்தார்கள், யார் வேலைக்குப் போயிருந்தார்கள், எந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போயிருந்தது என்பதை உயிர்தப்பியவர்களின் நினைவிலிருந்தே தேட வேண்டியிருந்தது.

அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாக அப்போது செய்திகள் வெளிவந்தன. எச்சரிக்கை கடிதமாக இருந்தது. கடிதம் அலுவலகங்களில் இருந்தது. வெளியேற மாற்று வீடு தயாராக இருக்கவில்லை என்பதே பெரிய குற்றம், அதை நாம் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் தம் தலைக்கு மேல் இருந்த மலையின் எந்தப் பகுதி எப்படி அசைகிறது என்பதை அந்த மக்களே பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய வடிவில் யாரும் முன்வைக்கவில்லை. உயிர்தப்பிய குடும்பங்கள் மாகல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகளுக்குப் போக 2016 வரை காத்திருந்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண் சரிந்து லயங்கள் சேதமடைந்தன. 2025இல் டித்வா. சுமார் பதினொரு ஆண்டுகளில் ஒரே மாவட்டத்தில் ஒரே கதை திரும்பத் திரும்ப நடக்கிறது.

மண்சரிவுக்கு முன்னோடியாக வரும் அறிகுறிகள் என்று மேற்படி நிறுவனம் மக்களுக்குச் சொல்லிவருபவை எவை? நிலத்தில் புதிய வெடிப்பு. சுவரிலும் தரையிலும் விரியும் பிளவு. சாய்ந்த மரமும் மின்கம்பமும். இல்லாத இடத்தில் திடீரென ஊற்று. இருந்த ஊற்று திடீரென வற்றுவது. பீலித் தண்ணீர் கலங்கி வருவது. இவற்றில் சில திடீரென நடக்கலாம். வெடிப்பு, பிளவு, சாய்வு போன்றவை மெல்ல மெல்ல மாறவும் கூடியவை. ஒரு முறை எடுக்கும் புகைப்படத்தில் அந்த மாற்றம் தெரியாது. ஒரே இடத்தில் நின்று மாதந்தோறும் பார்த்து வரைந்தால் தெரியும்.

ஒரு தோட்டத்துத் தொங்கலைப் பக்கவாட்டில் நின்று வரைவதாக வைத்துக்கொள்வோம். மேலே காடு. அதன் கீழ் தேயிலை மலை. மலைக்குக் குறுக்கே கான். கானுக்குக் கீழே மேட்டு லயம். அதன் முன்னால் வெட்டிய மண்மேடு. அதற்கும் கீழே பணிய லயம், பீலி, கோயில், பிள்ளைக்காம்பரா. இவை அனைத்தும் ஒரே புகைப்படத்துக்குள் அடங்குவது கடினம். தேயிலைச் செடி கானை மறைக்கும், லயம் மண்மேட்டை மறைக்கும். வரைபவர் நடந்து பார்த்து எல்லாவற்றையும் ஒரே தாளில் வைக்கலாம். தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது, எங்கே தடைபட்டால் யாருடைய காம்பராவுக்குள் புகும் என்பது எழுத்தறிவில்லாத பாட்டிக்கும் விளங்கும்.

வரைவதற்கு ஒரு மணித்தியாலமாவது அந்த இடத்தில் உட்கார வேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்தில் மக்கள் வந்து சுற்றி நிற்பார்கள். “இல்ல சேர், பழைய கான் இந்தப் பக்கம் இருந்துச்சி. பாதை போட்டப்ப மூடிட்டாங்க” என்று ஒரு பெரியவர் சொல்வார். அந்த வசனம்தான் செய்தி. தொலைபேசியில் படமெடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வேனில் ஏறும் ஒருவருக்கு அது கிடைக்காது. பார்க்கப்படுபவரே படத்தைத் திருத்தும் வாய்ப்பு இந்த முறையில்தான் இருக்கிறது.

இழந்த வீட்டை வரைந்தவர்கள்

இல்லாமல் போன வீட்டையும் சித்திரம் மீட்டுத் தரலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முடிவுறாத தோம்பு’ என்ற கருத்துடைய ஆங்கில நூல் இதற்குச் சிறந்த உதாரணம். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. யுத்தத்தினால் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் அவர் தாளைக் கொடுத்து, விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, வாப்பா சாய்மனைக் கதிரை போட்டிருந்த விறாந்தை எங்கே என்று அவர்கள் வரைந்தார்கள். ஒவ்வொன்றையும் கட்டடக் கலைஞர் முறைப்படி மீண்டும் வரைந்தார். அதன் பின் ஓவியர் தன் சித்திரத்தைச் சேர்த்தார். அவ்வாறு 80 வீடுகள் பதிவாகின.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட சுமார் 75 ஆயிரம் முஸ்லிம்களின் வரலாறு எமக்குத் தெரியும். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணித்தியால அவகாசமே கொடுக்கப்பட்டது. உறுதிகளும் குடும்பப் படங்களும் விட்டுவரப்பட்டன. திரும்பிப் போனபோது சில இடங்களில் வீடே இல்லை, எல்லையைக் காட்டும் வேலியும் இல்லை. இந்த அனுபவம் உள்ள ஒரு சமூகத்துக்கு, மண்ணுக்குள் போன ஒரு லயத்தின் வரைபடம் ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. தாளில் இல்லாத வீட்டை அலுவலகங்கள் வீடாக ஏற்பதில்லை என்பதை நாம் பட்டு அறிந்தவர்கள்.

தோட்ட அலுவலகச் சுவர்களில் தொங்கும் வரைபடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்த இலக்க மலை எத்தனை ஹெக்டயர், எந்த ஆண்டில் தேயிலை நடப்பட்டது என்ற விபரமெல்லாம் அங்கே துல்லியமாக இருக்கும். லயம் மட்டும் ஒரு சிறு கறுப்புக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் எத்தனை 10 அடிக்கு 12 அடிக் காம்பராக்கள், ஸ்தோப்பை அடைத்துக் கட்டிய குசினிகள் எத்தனை, அவற்றில் எத்தனை குடும்பம் என்பதை அங்கு வாழ்பவர்கள்தான் வரைய முடியும்.

உருவப்படம் பற்றிய கேள்வி

இவ்விடத்தில் எமது வாசகர்களுக்கு ஒரு தயக்கம் எழும். அதை ஒதுக்கிவிட்டுப் போவது சரியல்ல. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றிக் கடுமையான எச்சரிக்கைகள் ஹதீஸ்களில் உள்ளன. அவற்றின் எல்லை எது, புகைப்படம் அதில் அடங்குமா, கல்விக்கும் சாட்சியத்துக்கும் வரைவது அடங்குமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பணி, எனது பணியல்ல.

ஆனால் மிக இறுக்கமான கருத்தைப் பின்பற்றுபவருக்கும் இங்கே தடையில்லை. சித்திரத் தொழிலால் பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்து கேட்டபோது, வரையத்தான் வேண்டுமென்றால் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறுகிறது. ஊவாவில் இன்று அவசரமாக வரையப்பட வேண்டியவை எவை? மலை, மரம், கான், ஊற்று, சுவர், வெடிப்பு. எல்லாமே அந்த அனுமதிக்குள் வருபவை.

முஸ்லிம் வரலாற்றிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 16ஆம் நூற்றாண்டில் மத்ராக்சி நஸூஹ் என்ற உஸ்மானிய அறிஞர் சுல்தான் சுலைமானின் படையோடு ஈராக் வரை சென்றார். வழியில் தங்கிய ஊர்களை ஒவ்வொன்றாக வரைந்தார். இஸ்தான்பூல், தப்ரீஸ், பக்தாத், ஹலப் எல்லாம் அந்தக் கையெழுத்து நூலில் இருக்கின்றன. கோட்டை, பாலம், ஆறு, பள்ளிவாசல், தோட்டம், பறவை கூட இருக்கும். மனிதர் ஒருவர்கூட இல்லை. இருந்தும் அந்தக் காலத்து நகரங்களைப் பற்றி ஆராய்பவர்கள் இன்றும் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள்.

முகம் இல்லாத சித்திரத்துக்கு வேறொரு பயனும் உண்டு. நிவாரண முகாமில் நைட்டியுடன் வரிசையில் நிற்கும் பெண்ணின் முகமும், சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட மரித்தவரின் முகமும் யாருடைய அனுமதியும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் சுற்றியதைக் கண்டோம். ஜனாஸாவின் கண்ணியம் பற்றிப் பேசும் நாம் அயலவரின் உடலுக்கும் அதே கண்ணியத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். முகாமில் 40 குடும்பத்துக்கு எத்தனை கழிவறை, பெண்கள் உடை மாற்ற மறைப்பு எங்கே, பால் கொடுக்கும் தாய்க்கு இடம் எங்கே என்பதை ஒரு முகத்தையும் காட்டாமல் வரைந்து காட்டலாம். அது அழுகின்ற முகத்தைவிட அதிகமாகப் பேசும்.

சித்திரமும் பொய் சொல்லலாமே?

சொல்லலாம். அதனால்தான் ஒழுங்கு தேவை. செய்தியாக வரையப்படும் ஒவ்வொரு தாளிலும் திகதி, நேரம், நின்ற இடம், பார்த்த திசை எழுதப்பட வேண்டும். கண்ணால் பார்த்தது ஒரு நிறத்திலும் மற்றவர் சொன்னது வேறொரு நிறத்திலும் இருக்க வேண்டும். அளவுநாடா இல்லாவிட்டால் காலடி எண்ணிக்கையாவது குறிக்க வேண்டும். வரைந்ததை அங்குள்ள இருவரிடமாவது காட்டித் திருத்தம் கேட்க வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சிகளை வைக்கவும் கற்றுத்தந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல.

புகைப்படத்தையும் ட்ரோன் படத்தையும் நிபுணரின் வரைபடத்தையும் இது ஈடுசெய்யும் என்று நான் சொல்லவில்லை. மலை பாதுகாப்பானதா என்று சொல்ல வேண்டியவர் புவியியல் நிபுணர். ஆனால் அவரை எந்த இடத்துக்கு அழைக்க வேண்டும், எப்போது அழைக்க வேண்டும் என்பதை அங்கு வாழ்பவர்கள் சொல்ல வேண்டும். “எங்கள் லயத்துக்குப் பின்னால் வெடிப்பு இருக்கிறது” என்று எழுதும் கடிதத்தோடு மூன்று மாதச் சித்திரங்கள் மூன்று இணைக்கப்பட்டிருந்தால், பிரதேச செயலகத்தில் அந்தக் கடிதத்தை ஓரமாக வைப்பது கொஞ்சம் கடினமாகும்.

எம்மால் முடிந்தது

இது ஏன் முஸ்லிம்களின் விடயம் என்று கேட்பவர்கள் இருக்கலாம். பதுளை, பண்டாரவளை, பசறை, லுணுகலை கடைத்தெருக்களில் எமது கடைகள் தோட்டத்துச் சம்பள நாளை நம்பி இருக்கின்றன. குருத்தலாவை, சில்மியாபுர போன்ற எமது ஊர்களும் இதே மாகாணத்து மலைகளில்தான் இருக்கின்றன. எமது ஆசிரியர்கள் பலர் தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கிறார்கள். அனர்த்த நாட்களில் பள்ளிவாசல்களில் சமைத்த சாப்பாட்டை இனம் பார்த்து நாம் கொடுக்கவில்லை. அயலவரின் உரிமை சாப்பாட்டுப் பொதியோடு முடிந்துவிடுவதுமில்லை.

பதுளை மாவட்ட வகுப்பறைகளில் இருபது வருடங்களாக நிற்பவன் என்ற வகையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். “உன் வீட்டை வரை” என்றால் லயத்துப் பிள்ளையும் இரண்டு மலைக்கு நடுவில் சூரியனையும், முக்கோணக் கூரை போட்ட தனி வீட்டையும், பக்கத்தில் ஒரு தென்னையையும்தான் வரைகிறது. அந்தப் பிள்ளையின் தோட்டத்தில் தென்னையே இருக்காது. பார்த்து வரைய நாம் பழக்கவில்லை, பார்த்து வரைந்ததைப் பார்க்கத்தான் பழக்கியிருக்கிறோம். இத்தனைக்கும் சாதாரண தர சித்திர பாடத்தில் முன்னால் வைக்கப்பட்ட பொருட்களைப் பார்த்து வரையும் பகுதி இருக்கிறது. கோப்பையையும் போத்தலையும் பார்த்து வரையத் தெரிந்த மாணவரால் கானையும் மண்மேட்டையும் வரைய முடியாதா?

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு பாடசாலைக்கு ஒரு சிஆர் கொப்பி, சில பென்சில்கள், மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும். பிள்ளைகளை வெடிப்பின் அருகே அனுப்பக் கூடாது, மழை நாளில் அனுப்பவே கூடாது. பாதுகாப்பான தூரத்தில் ஒரே இடத்தைத் தெரிவு செய்து, பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் வரையட்டும். ஒரு பிரதியைப் பெரட்டுக்களத்தில் ஒட்டலாம். இன்னொன்றைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுக்கலாம். மூன்றாவது பிரதி பாடசாலையில் இருக்கட்டும், லயத்துக்கு ஏதும் நடந்தால் அது வெளியே இருக்க வேண்டும். பாடசாலையை விட்டு விலகிய இளைஞர்களைப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் நிர்வாகங்களும் சேர்ந்து இதற்குப் பழக்கலாம்.

ஊடகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோட்டச் செய்தி என்றால் கூடைப் படத்தைத் தேடுவதை நிறுத்துங்கள். மாதம் ஒரு முறையாவது ஊவாவின் ஒரு தோட்டத்திலிருந்து பார்த்து வரைந்த ஒரு தாளை, வரைந்தவர் சம்மதித்தால் பெயரோடு, கொடுப்பனவோடு வெளியிடுங்கள்.

மீரியபெத்தை சரிந்தது ஒக்டோபரில். டித்வா வந்தது நவம்பரில். ஊவாவின் மலைகளுக்குக் கனமழை வருவது பெரும்பாலும் ஆண்டின் அந்தக் கடைசி மாதங்களில்தான். அதற்கு முன் எத்தனை லயங்களின் பின்புறம் தாளில் ஏறியிருக்கிறது என்று ஒவ்வொரு செப்டெம்பரிலும் நாம் எண்ணிப் பார்க்கத் தொடங்கினால், இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை எச்சரிக்கைக் கடிதம் அலுவலகத்துக் கோப்புக்குள் மட்டும் கிடக்காது.